ஊறுகாய்க்கு வறுத்த உப்பு

நான் காலால் பிறந்தவள். தலை வருவதற்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை என்று அர்த்தம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொள்ள வேண்டும், சதை பிடித்துக்கொண்டால் என்னிடம் வர வேண்டும். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த நாளில் இதுதான் ஏற்பாடு. படிப்பு சுமாராக வந்த எனக்கு இப்படி ஒரு கால் வாய்த்தது ரொம்ப சௌகரியமாக இருந்தது.

வைத்தியத்தை நடத்தியது எங்களோடு இருந்த அத்தை, நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது அவளுடைய சட்டம். வருகிறவரைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். அப்புறம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி, வலிக்கிற இடத்தில் குதிகாலால் அழுத்துவேன். கரும்பு வெட்டுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். தெலுங்குக்கார பஸ் டிரைவர் ஒருவர் எழுந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, "நொப்பி போயிந்தி தல்லி" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வலி போய்விட்டதாம். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு துரும்பைக்கூட நான் நகர்த்தவில்லை. எண்ணெயைத் தேய்த்த அத்தையை யாரும் கும்பிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பிறந்த கதையை அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். பகலெல்லாம் இரவெல்லாம் வலி, மருத்துவச்சி என் காலைப் பிடித்து இழுத்தது, பெரிய உயிர் நிற்காது என்று எல்லாரும் கைவிட்டது. எனக்கு அது என்னுடைய வீரக் கதை. எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. கதை தொடங்கியதும் அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கும் இடுப்பு வலி இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருந்தது. சாயங்காலம் கழனியிலிருந்து வந்ததும் கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய புடவைத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை ஊற்றிக்கொள்வாள். என்னை மட்டும் மிதிக்கச் சொன்னதில்லை. பெற்றவள் மேல் பிள்ளை கால் வைப்பது பாவம் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

ஒரு வருடம் வேர்க்கடலை பிடுங்கும்போது அம்மா செடியோடு செடியாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனிமேல் உப்பும் தழையும் போதாது, திங்கட்கிழமை திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார் நைனா. எனக்கு வந்ததே ஆத்திரம்! ஊரே என் காலைத் தேடி வருகிறது, என் சொந்த அம்மா திருப்பதிக்குப் போனால் என் மானம் என்ன ஆவது? உங்கம்மாவுக்கே உன் காலு வேலை செய்யலியா என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்டும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சோறு வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்து அழுதேன். நைனா திட்டினார். அத்தை பாவம் பாவம் என்றாள். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, தானே பாயை விரித்தாள்.

"வயித்துக்குள்ள எட்டி எட்டி ஒதைச்சவதானே இவ. முதுவுல மிதிச்சா மட்டும் இன்னா பாவம்? வா, ஏறு."

ஏறினேன். என் திறமை முழுவதையும் காட்டி மிதித்தேன். கீழே அம்மாவின் உடம்பு குலுங்கியது. முகத்தைப் பாயில் புதைத்திருந்தாள். கூச்சத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன்.

இறங்கச் சொல்லிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வலி பூட்ச்சி," என்றாள். "நெசமாவே பூட்ச்சி. திருப்பதியெல்லாம் எதுக்கு? வைத்தியம் ஊட்லயே கீதே."

நைனா ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். அம்மா குனிந்து பாயைச் சுருட்டி மூலையில் வைத்துக் காட்டினாள். திங்கட்கிழமை அவர்கள் திருப்பதிக்குப் போகவில்லை. அம்மா கடலை பிடுங்கப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துச் சொன்னேன்.

இப்போது நான் திருச்சானூரில் குடியிருக்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். அவளால் நிமிர்ந்து நடக்க முடியாது. கடைசியில் நான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர், எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றாள் அம்மா. கூட வந்த அத்தை, வழக்கமான அந்தப் பெருமையோடு, "இவ பொறந்த அன்னிலருந்துதான்" என்று என்னைக் காட்டினாள். சின்ன வயதிலேயே வந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்றார் டாக்டர். அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா இடுப்பைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அடுப்படியில் மட்டும் சாயங்காலமானால் வாணலியில் உப்பு படபடவென்று வெடிக்கும். எட்டிப் பார்த்தால், ஊறுகாய்க்கு வறுக்கிறேன், நீ போய்ப் படி என்பாள். மாங்காய்க் காலம் முடிந்த பிறகும் வறுத்தாள். மழைக்காலத்திலும் வறுத்தாள். நானும் நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தேன், ஜாடி நிறைகிற வழியாக இல்லை. இவ்வளவு உப்பை வறுத்து அம்மா யாருக்குத்தான் ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறாள் என்று நைனாவிடம் புகார் வேறு சொன்னேன்.