வேம்பில் கிடைத்த பாதிக் கதவு

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். நான் பிறந்த கையோடு வாப்பா வீட்டு வளவில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, "இதுதான் என்ட மகள்ற வீட்டு முன்கதவு" என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். வேம்பைக் கறையான் தொடாது என்ற நம்பிக்கை அவருக்கு. மரம் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். வீட்டுச் சுவர் பாதியில் நிற்கும்போது அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு உம்மா அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழவும் இல்லை. அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. முன்கதவு அந்த வேம்பில்தான், அதுவும் இரட்டைக் கதவு என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

மரத்தைத் தறித்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சம்மாந்துறைப் பக்கம் ஒரு மர ஆலைக்குக் கொண்டுபோனோம். அந்தப் பருமனுக்கு நாலு கதவு வரும் என்று நினைத்தேன். ஆலைக்காரர் சிரித்தார்.

"பருமனப் பாத்து ஏமாறாதீங்க தங்கச்சி. பட்டை, வைரமில்லாத வெள்ளை, கோணல், தூள் எல்லாம் போய் மிஞ்சிறதுதான் பலகை. வேம்பு நேரா வளராது. ஒரு இரட்டைக் கதவுக்கு மட்டுமட்டா வரும்."

"அது போதும் தம்பி" என்றார் உம்மா.

அறுக்கும் வாள் மரத்துக்குள் போன சற்று நேரத்தில் கிரீச்சென்று அலறியது. ஆலைக்காரர் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். வாளின் பற்கள் உடைந்திருந்தன. மரத்துக்குள் ஓர் ஆணி மின்னியது.

"வளவு மரமெண்டா இதுதான் கரைச்சல். இன்னும் எத்தின ஆணி இரிக்கி ராத்தா?" என்று உம்மாவைக் கேட்டார்.

அந்த ஆணியைக் கண்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் புதுச் சட்டையோடு என்னை அந்த மரத்தில் சாய்த்து நிறுத்தி, நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று பார்க்க, என் தலைக்கு நேராக வாப்பா ஓர் ஆணி அடிப்பார். மரம் பருத்து அத்தனையையும் விழுங்கிவிட்டது. நாங்களும் மறந்துபோனோம்.

ஆலைக்காரர் மரத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆணிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தைக் கனமாக அரிந்து கழித்துவிட்டால் கதவின் ஒரு பாதிக்குத்தான் பலகை வரும், மற்றப் பாதிக்கு வேறு மரம் வாங்க வேண்டும் என்றார்.

உம்மா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெடித்தார்.

"மகளுக்குக் கதவு, கதவு எண்டு ஊரெல்லாம் செல்லிப்போட்டு, அந்தக் கதவிலயே வருசா வருசம் ஆணி அடிச்சிரிக்காரே இந்த மனிசன்!"

திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மரத்தூளில் உட்கார்ந்தவர், அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

என் வீட்டுக் கதவில் ஒரு பாதி வேம்பு, மறு பாதி வாங்கிய மஞ்சவண்ணா மரம். நிறம் ஒத்துப்போகவில்லை. கதவு செய்த ஓடாவிக்குக் கண் தெரியாதா என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். வாங்கிய பாதியை எப்போதும் கொண்டி போட்டே வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் வாப்பாவின் பாதியைத் திறந்துகொண்டுதான் உள்ளே வரவேண்டும்.