எஃப்.சி. சிலிண்டர்

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ரிப்பேர் ஷெட் வைத்திருந்தேன். நான் கை வைத்த வண்டியில் பிரேக் பிடிக்காமல் போனதே கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம். அந்த வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

லாரியை ஆண்டுக்கொரு முறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும், வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று அது. இல்லாவிட்டால் ரோட்டில் இறங்கக் கூடாது. சட்டம் நியாயமானதுதான். ஆனால் புது சாமானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எஃப்.சி. தேதி காத்திருக்குமா? அதனால் என்னைப் போன்ற ஷெட்காரர்களிடம் நல்ல மாஸ்டர் சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கும். பிரேக்கை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது அதுதான். எஃப்.சி. அன்று காலையில் அதை மாட்டி, நானே ஓட்டிப்போய்க் காட்டி, சாயங்காலம் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிடுவேன். டிரைவருக்கு அன்று லீவு. நல்ல சிலிண்டர் அடுத்த லாரிக்காகத் துணி சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆரம்பாக்கத்து முதலாளி ஒருவரின் லாரிக்கும் அப்படித்தான் செய்தேன். அதன் டிரைவர் பள்ளிப்பட்டுக்காரர், என்னைவிட இளையவர். லீவு முடிந்து வண்டியை எடுத்தவர் நேரே ஷெட்டுக்கு வந்தார்.

"இன்னாண்ணா, பெடல் உள்ள போய்க்கினே கீது?"

புது வேலை, ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். நாக்குக் கூசவில்லை. நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. போய்விட்டார்.

பத்தே நாளில், நெல் மூட்டையோடு வந்த அந்த லாரி சைக்கிளில் போன ஒரு விவசாயி மேல் ஏறியது. உயிர் தப்பியது, ஒரு கால் போயிற்று. டிரைவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் விடிந்ததும் முதலாளி என் ஷெட்டில் வந்து நின்றார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்க்கப் போகிறார், பிரேக் கெட்டது தெரிந்தால் என் வண்டியும் போகும், உன் ஷெட்டும் போகும் என்றார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீ, நான் மட்டும் கேட்டேனா? லாரி நின்ற இடத்துக்குப் போய், மண்ணில் மல்லாந்து படுத்து, அதே நல்ல சிலிண்டரை மாட்டினேன். ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் வெளியே எடுத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். பழி முழுக்க டிரைவர் தலையில் விழுந்தது.

ஜெயிலிலிருந்து திரும்பியவருக்கு லைசென்ஸும் இல்லை. ஏதாவது வேலை போட்டுக் கொடுங்கள் என்று என்னிடமே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குனிந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. அதற்குள் அவரே பேசினார்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சாம்ணா. இன்ஸ்பெக்டரே எழுதிட்டாரு. பெடல் உள்ள போவுதுன்னு உங்க கைல வந்து சொன்னேனே, அதெல்லாம் என் பிரமைதான் போல. நான்தான் காலை லேட்டா வெச்சிருக்கேன்."

இருக்கும் என்றேன்.