பன்னிரண்டு நிமிடத் தாமதம்

போன வாரம் ஒருநாள் காலை வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் இசக்கிமுத்து போனில் அழைத்தார். "அண்ணாச்சி, வேலு அண்ணன் போயிட்டாவ."

இறந்துபோன கண்டக்டர் வேல்ச்சாமிக்கு முப்பத்தேழு வயது. கோவில்பட்டியில் நான் டைம் கீப்பராக இருக்கும் தனியார் பஸ் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். எங்களுக்குள் சுமுகம் இருந்ததில்லை. "எம்.ஏ. படிச்சுட்டு மணி பாக்குதீயளே அண்ணாச்சி, கடிகாரம் சர்டிபிகேட் கேட்டுச்சா?" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார். மன்னித்துவிட்டதாக இப்போதும் பொய் சொல்லமாட்டேன்.

பஸ் தொழிலில் மலத்தோடு ரத்தம் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சின் சூடு, கரிசல் வெயில், கண்ட நேரத்துச் சாப்பாடு. மூலம் இல்லாதவரைப் புது ஆள் என்பார்கள். வேல்ச்சாமிக்கு வந்தபோதும் துத்தி இலை, சின்ன வெங்காயம், மோர் என்று ஆளுக்கொன்று சொன்னோம். "சூடுதான்" என்று அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். உடம்பு மெலிந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். "மாப்ள மாதிரி ஆயிட்டீரே" என்று சிரித்தார்கள். மூலத்துக்கு வைத்தியம் என்று போர்டு மாட்டியிருந்த ஒருவர், ஒரு சோதனையும் செய்யாமல் எட்டு மாதம் பொடி கொடுத்தார். அவர்மேல் எனக்குள்ள ஆத்திரம் தீராது.

கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ரத்தம் கண்டவுடனே வந்திருந்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றாராம் டாக்டர்.

சிகிச்சைக்கு நடுவில் சில மாதங்கள் வேலைக்கு வந்தார். வந்த அன்றே எங்கள் பஸ் ஷெட்டின் ஓய்வறையில் கேட்டார்: "ஏலே, யாருக்கெல்லாம் ரத்தம் போகுது? கையத் தூக்குங்க." சிரித்தார்களே தவிர ஒரு கையும் எழவில்லை. தன் வண்டி ஓட்டும் இசக்கிமுத்துவுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வயது, புதிதாகக் கல்யாணம் ஆனவர். மாமனார் வீட்டுக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் விளாத்திகுளம் வண்டி நிறைந்து கிளம்பும் நேரம். வேல்ச்சாமி இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஏறுங்கண்ணே, நேரமாச்சு."

"நாளைக்கு டாக்டர்ட்ட போறேன்னு சொல்லு. ஏறுதேன்."

"எனக்கு வெறும் சூடுண்ணே."

"எனக்கும் அப்படித்தாம்ல சொன்னாங்க. மூலமாவே இருக்கட்டும். அத டாக்டர் சொல்லட்டும், இந்த ஷெட்டு சொல்லாண்டாம்."

மிளகாய் மூட்டையோடு இருந்த அம்மா ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "போறேன்னு சொல்லித் தொலையேம்ப்பா, அங்கன எம் மூட்டைக்கு ஆள் காத்துக் கெடக்கு!" பஸ்ஸே சிரித்தது. இசக்கிமுத்து தலையை ஆட்டினார்.

தாமதம் பன்னிரண்டு நிமிடம். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தவன் நான். பழைய ஆத்திரமும் அதில் கலந்திருந்தது. அவர் ஒரே வரியில் எழுதித் தந்தார்: 'டிரைவர் பரிசோதனைக்குச் சம்மதிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.'

இசக்கிமுத்துவின் குடலில் சிறு கட்டி ஒன்று இருந்தது. பரிசோதனையின்போதே அகற்றிவிட்டார்கள். விட்டுவைத்திருந்தால் நாளடைவில் புற்றுநோயாக மாறியிருக்கக்கூடும். செய்தி போனபோது வேல்ச்சாமி படுக்கையில் இருந்தார். "அந்த எம்.ஏ.ட்ட சொல்லுலே, அன்னைக்கு வண்டி லேட்டு இல்லன்னு" என்றாராம். நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

இப்போது, டியூட்டிக்கு வரும் ஒவ்வொருவரையும், "ரத்தம் போகுதா? வெளிக்குப் போறதுல மாற்றம் உண்டா? காரணமில்லாமல் மெலியுறீரா?" என்று கேட்டுத்தான் அனுப்புகிறேன். அசிங்கம் பிடித்தவன் என்கிறார்கள். ஏற்கெனவே எனக்கு இங்கே நல்ல பெயர் கிடையாது, போக ஒன்றுமில்லை.

இன்று காலை இருபத்தெட்டு வயது டிரைவர் ஒருவர் கேள்வியைக் கேட்டதும் நகராமல் நின்றார். "ரெண்டு மாசமா போகுது அண்ணாச்சி" என்றார் மெதுவாக. அவர் வண்டிக்கு வேறு ஆளைப் போட்டேன். இசக்கிமுத்து அவரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

நிம்மதியாகப் போங்கள், வேல்ச்சாமி. ஷெட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.