பம்பு அண்ணனின் வலது கால்

அடுக்களையில் ஒரு மூடி விழுந்தால் போதும், கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் பம்பு அண்ணனின் வலது கால் தரையை நான்கு முறை மிதித்துவிடும். மிதி, விடு, மிதி, விடு. அவர் தாளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அந்தக் காலுக்கு அவருடைய உத்தரவு தேவையில்லை.

வீட்டுக் காரை ஓட்டுவது மனைவி. பக்கத்து இருக்கையில் இவர். முன்னால் ஒரு நாய் தெரிந்தால் முதலில் பிரேக் போடுவது இவர்தான். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனால் அங்கே போட்டிருக்கும் ரப்பர் விரிப்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது.

“நான் ஓட்டுறப்ப நீங்க எதுக்கு நிறுத்துறீங்க?”

“நீ நிறுத்துவியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இருபத்தாறு வருஷமா உங்களையே நிறுத்தி வச்சிருக்கேன். இந்தக் காரு எம்மாத்திரம்?”

அண்ணன் ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவர். அவர் தொழில் பழகிய காலத்தில், ஈரச் சாலையில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரங்கள் இறுகி நின்றுவிடும், வண்டி நிற்காது. டயர் சோப்புக்கட்டியாக வழுக்கும். பின்னால் வரும் ட்ரெய்லர் பக்கவாட்டில் வளைந்து வந்து, ஓட்டுகிறவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கும். ஆகவே பம்பு அடிக்கிற மாதிரி விட்டு விட்டு மிதிக்க வேண்டும். அப்படி மிதித்துத்தான் ஒரு மழை நாளில் இறக்கத்தில் ஒரு லோடு கண்ணாடியைக் கீறல் இல்லாமல் நிறுத்தினார். ‘பம்பு’ என்ற பெயரும் அன்று கிடைத்ததுதான். சொல்லச் சொல்ல அந்த இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. போன மாதம் சொன்னபோது எதிரே ஒரு பள்ளிக்கூட வேனும் வந்து சேர்ந்திருந்தது.

இந்த வருஷம் கம்பெனி, சக்கரம் இறுகாமல் தானே விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக் வைத்த ட்ரெய்லர்களை வாங்கிப் போட்டது. சோதனை ஓட்டத்தில் தேறுகிறவருக்குத்தான் நெடுஞ்சாலை. தேறாதவர் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ட்ரெய்லரை இந்தக் கொட்டகையிலிருந்து அந்தக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. சோதிக்கிற அதிகாரி வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தத் தம்பி.

முதல் முறை சோதனைப் பாதையின் ஓரத்தில் வைத்த ரப்பர் கூம்புகளில் ஐந்து சாய்ந்தன. இரண்டாம் முறை பதினொன்று. அதில் ஒன்று அச்சுக்கடியில் மாட்டிக்கொண்டு வளாகம் முழுக்க ஊர்வலம் வந்தது.

“மாமா, சக்கரத்துக்குள்ள ஒரு பல் வளையம் இருக்கு. பக்கத்துல ஒரு சென்சார் அந்தப் பல்லை எண்ணிக்கிட்டே இருக்கு. எந்தச் சக்கரம் இறுகப் போகுதோ, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் வால்வு பிரேக்கை அழுத்துற காத்தை விட்டுட்டு மறுபடி பிடிக்கும். விநாடிக்கு நாலு தடவை. நீங்க ஒரு தடவை மிதிக்கிறதுக்குள்ள அது நாலு தடவை மிதிச்சிடுது.”

“அப்ப நானும் சேர்ந்து மிதிச்சா நல்லதுதானே?”

“நீங்க காலை எடுத்தா எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போயிடுது மாமா. டாங்கியில இருக்கிற காத்தும் வீணாகுது. அழுத்திட்டுச் சும்மா இருங்க. அவ்வளவுதான்.”

“சும்மா இருக்கவா எனக்குச் சம்பளம் தர்றாங்க?”

“ஆமா மாமா. அந்த ரெண்டு விநாடிக்கு ஆமா.”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அவருக்குப் புரியாமலில்லை. “எனக்குத் தெரியுதுடா. காலுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியல” என்றார். வளாகத்துக்குள் சுற்றுவதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே போன ஒருவர் மூன்றே மாதத்தில் தொப்பை வைத்து, வாசல் காவலாளியோடு தாயம் ஆட ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலையே வீட்டில் பயிற்சி தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, எடை பார்க்கும் மெஷின் மேல் வலது காலை வைத்து அழுத்துவார். மனைவி தரையில் சம்மணமிட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லுவார். “நாப்பது. நாப்பது. நாப்பது. நல்லா இருக்கு.” பேசிக்கொண்டே பின்னால் கையை நீட்டி ஒரு தட்டைக் கீழே தள்ளிவிடுவார். “சைபர். நாப்பது. சைபர். நாப்பது. போச்சு.” ஒரு வாரத்தில் ஏழு தட்டு நசுங்கியது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து, “எல்லாம் சுமுகமா இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டாவது தட்டில் முள் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான், ஆடவில்லை.

மூன்றாம் சோதனை. தரையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கூம்புகள். வேலியோரம் மற்ற ஓட்டுநர்கள் டீயும் கையுமாக நின்றார்கள். “அண்ணே, இன்னிக்கு எத்தனை கூம்பு?” என்று ஒருவர் கத்தினார். மைத்துனர் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி அறுபதைத் தொட்டது. ஈரத்தில் ஏறியது.

“அழுத்துங்க மாமா!”

அழுத்தினார். அடியில் எங்கோ டப்பு டப்பு என்று வால்வுகள் அடித்துக்கொண்டன. காற்று புஸ் புஸ் என்று சீறியது. அண்ணன் பல்லைக் கடித்தார், கண் பிதுங்கியது. ட்ரெய்லர் ஒரு பக்கம் நெளியப் பார்த்து, மனசை மாற்றிக்கொண்டு, நேராக வந்து நின்றது. ஒரு கூம்புகூடச் சாயவில்லை. வேலியோரத்தில் ஒருவர் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

மைத்துனர் மெல்லக் கைப்பிடியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். பிரேக்கின் மேல் வலது கால் ஆணி அடித்தது போல் அசையாமல் இருந்தது. கிளட்ச் இல்லாத வண்டி. இடது காலுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. நின்றுவிட்ட வண்டிக்குள் அந்த இடது கால் வெறும் தரையை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு, இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தது.