அம்மாவுக்குச் சொல்லாத ‘போட்டு வாறன்’

அரியாலையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அப்பா இளவயதில் மறைந்த பின் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னையும் தங்கையையும் ஆளாக்கியவர் எங்கள் அம்மா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவுமலரில் அவருடைய பெருமைகளை உறவினர் பலர் எழுதியுள்ளனர். எனக்கு எழுத மிஞ்சியது வெட்கம்தான்.

கடைசிக் காலத்தில் அம்மாவின் நினைவு ஒரு புதிராயிற்று. சிறுமியாகக் கடற்களப்புக் கரையில் தொலைத்த கொலுசு இடதுகாலுக்குரியது என்று சொல்வார். மத்தியானம் என்னோடு இருந்து சாப்பிட்டது பின்னேரம் ஞாபகம் இராது. சாவகச்சேரியிலிருந்து ஞாயிறுதோறும் நான் வந்துபோவதும் அப்படியே அழிந்துவிடும். புறப்படும்போது நான் சொல்லும் ‘போட்டு வாறன்’ மட்டும், போய்விட்டுத் திரும்பி வருவேன் என்ற வாக்காக, எப்படியோ தங்கிவிடும்.

“அண்ணை, வாறன் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் பஸ் ஏறிடுறியள். அம்மா உங்களுக்குச் சோறு போட்டு மூடி வைச்சிட்டு வாசல் கேற்றடியிலை நிக்கிறா. தானும் சாப்பிடுறா இல்லை,” என்றாள் அம்மாவோடு இருந்த தங்கை.

பெரிய தூரமில்லை. ஒரு நாளாவது திரும்பி வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு என்னைக் கண்டதும் அம்மா, “தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?” என்று, யாருடைய மகனோ என்பதுபோல் கேட்டார். புறப்படும்போது, “அம்மா, நான் போறன்,” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “உது என்ன கதை தம்பி? வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லக் கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லும்.”

பெற்ற பிள்ளையை மறந்தவருக்கு அந்த வழக்கம் மறக்கவில்லை. நான் சிரித்து மழுப்பிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்றும் அம்மா சாப்பிடவில்லையாம். “ஆற்றை பிள்ளையோ, போறன் எண்டிட்டுப் போகுது. வழியிலை ஒண்டும் நடந்திடக் கூடாது,” என்று சாமிப் படத்தடியிலேயே இருந்தாராம். அடுத்த ஞாயிறு வருமுன் அவர் கண்மூடினார். நினைக்க நினைக்க எனக்கு நாக்கூசுகிறது.

அம்மாவைக் குழந்தைபோல் பார்த்த தங்கைக்கும், பந்தல் போட்டுத் தேநீர் தந்து துணைநின்ற அயலவர்களுக்கும், தூரம் பாராது வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது ‘வாறன்’ என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை. நீங்கள் எல்லோரும் பேசாமல் எழுந்து போனீர்கள். அது முறை. அம்மா உயிரோடிருந்த வீட்டிலிருந்து ‘வாறன்’ சொல்லாமல் போனவன் நான் ஒருவன்தான்.