வென்ட் பைப்பின் மேல் திருஷ்டிப் பானை

ஸ்ரீராம்புரத்தில் சித்தப்பா வீடும் எங்கள் வீடும் ஒட்டியே இருக்கின்றன. எங்கள் பாத்ரூம் நாறும், அவர்களுடையது நாறாது. எனக்கு வயிறு எரியும். ஞாயிறன்று ஆபீஸ் நண்பர்கள் முதல்முறையாக வருவதாக இருந்ததால், நாற்றத்துக்குக் காரணம் தேடி மொட்டைமாடி ஏறினேன். கழிவுக் குழாய்க்குள் காற்று போக விட்டிருக்கும் அவர்களுடைய வென்ட் பைப் வாய் திறந்து நின்றது. எங்களுடையதன் மேல், சித்தப்பா வீட்டுக் கண் படக்கூடாதென்று, அம்மா திருஷ்டிப் பானையைக் கவிழ்த்து சிமென்ட் பூசவைத்திருந்தார். மேலிருந்து காற்று வராததால், இறங்கும் கழிவுநீர் பாத்ரூம் சாக்கடை வாயில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது.

பானையைப் பெயர்த்தேன்.

"கண்ணு பட்டுடும்டா!" என்று அம்மா கத்தினார்.

"இந்த நாத்தத்தைப் பாத்தாம்மா பொறாமைப்படுவாங்க?"

ஞாயிறன்று யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் ஒரு நண்பன் சன்னல் வழியே பார்த்து, "பக்கத்து வீடு சூப்பரா இருக்குடா" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.