சில்லுக்குப் பூட்டு

எனக்கு எழுபத்துமூன்று வயது; பெற்று வளர்த்தது ஐந்து பேரை.

அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீட்டு வேனின் சில்லுகளை, டயரும் சக்கரமுமாகக் கழற்றித் திருடிவிட்டார்கள். நாங்கள் மிளகு ஏற்றும் காருக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று, சில்லுக்கு ஒன்றாகப் பூட்டு நட்டு வாங்கினேன். அதைக் கழற்ற, அதோடு வரும் சாவி வேண்டும்.

"உம்மா, கராஜ்ல குடுத்து பூட்டுவோம்" என்றான் மகன்.

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

சில்லுக்கு ஒரு பழைய நட்டைக் கழற்றி, புதியதை விரலால் சுற்றி, சாவியை வைத்து நானே இறுக்கினேன். கடைசிச் சில்லுக்கு இரண்டு கையாலும் அழுத்தி இறுக்கினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ரோட்டுல டயர் காத்துப் போனா நான் என்ன செய்ற?"

"என்னையும் ஏத்திட்டுப் போ."

இப்போது மாத்தளைக் கடைக்கு மிளகு போகும்போது முன் சீட்டில் நானும் போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய பேத்தியே, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு.